கேட்காத கேள்விக்கும் பதில் எழுதுங்கள்

பிரிட்டனில் மாற்றுத்திறனாளிகளின் உதவித்தொகையை மாற்றி அமைக்க நினைக்கும்போது அரசு பெரும்பாலும் கிரீன் பேப்பர் எனப்படும் முன்யோசனை அறிக்கையை வெளியிட்டுப் பொதுமக்களிடம் கருத்துக் கேட்கும். அதில் என்னென்ன கேட்டிருக்கிறார்கள் என்று பார்ப்பதற்கு முன்னால், எதைக் கேட்காமல் விட்டிருக்கிறார்கள் என்று பாருங்கள். பெரும்பாலும் பணம் அங்கேதான் இருக்கும்.

2025 மார்ச் 18 அன்று வந்த அறிக்கையையே எடுத்துக்கொள்வோம். உடல்நலக் குறையால் அன்றாட வேலைகளுக்குச் சிரமப்படுபவர்களுக்குத் தரப்படும் பிப் (PIP) உதவித்தொகையின் அன்றாட வாழ்க்கைப் பிரிவில் 10 செயல்கள் உண்டு. ஒவ்வொன்றிலும் எவ்வளவு உதவி தேவை என்பதைப் பொறுத்துப் புள்ளி தருவார்கள். மொத்தம் 8 புள்ளி சேர்ந்தால் சாதாரணத் தொகை, 12 சேர்ந்தால் கூடுதல் தொகை. சமைக்க, குளிக்க, உடுத்த, கழிப்பறை போக என்று நான்குக்கும் துணைக்கருவி தேவைப்படுபவருக்கு இரண்டிரண்டாக 8 வந்துவிடும். ஏதாவது ஒரு செயலிலாவது 4 புள்ளி இருக்க வேண்டும் என்றது புதிய யோசனை. அப்படியானால் இவருக்கு ஒன்றுமில்லை. இடுப்புக்குக் கீழே கழுவிவிட ஆள் வேண்டுமென்றால் 2 புள்ளி, தோளுக்கும் இடுப்புக்கும் இடையே என்றால் 4 என்பது ஏற்கெனவே உள்ள விதி. அந்த விசித்திரம்தான் இனி வாழ்வா சாவா என்று தீர்மானித்திருக்கும். இந்த 4 புள்ளி விதியைப் பற்றி அறிக்கை கருத்தே கேட்கவில்லை. பிப் தொடங்கும் வயதை 16-லிருந்து 18-ஆக உயர்த்தலாமா என்பது போன்றவற்றுக்குத்தான் கேள்வி இருந்தது.

கேள்வி இல்லாததையும் எழுதலாம். பொதுவான கேள்வி ஏதாவது இருந்தால் அதன் கீழே, இல்லையென்றால் தனி மின்னஞ்சலில். யோசனை உருவாகும் கட்டத்திலேயே கேட்க வேண்டும், போதிய விவரம் தர வேண்டும், போதிய காலம் தர வேண்டும், வந்த பதில்களை மனச்சாட்சியோடு பரிசீலிக்க வேண்டும் என்ற நான்கு விதிகள் 1985 முதல் அங்கே நீதிமன்றங்களில் நிற்கின்றன. நோயுற்றவரால் வேலை செய்ய முடியுமா என்று பார்க்கும் வேலைத்திறன் மதிப்பீட்டை மாற்ற 2023-இல் நடத்திய கருத்துக்கேட்பு சட்டவிரோதம் என்று 2025 ஜனவரியில் உயர் நீதிமன்றம் சொன்னது. பலருடைய வருமானம் பெரிதாகக் குறையும் என்பதை அதில் தெளிவாகச் சொல்லவில்லை. அவகாசமும் எட்டு வாரத்துக்குச் சற்றுக் குறைவு. அதனால் விவரம் போதவில்லை என்று தோன்றினால் அதையும் எழுத்தில் வையுங்கள்.

எழுதும்போது நோயின் பெயரோடு நின்றுவிடாதீர்கள். பிப் விதிகள் நோயை அளப்பதில்லை. ஒரு செயலைப் பாதுகாப்பாக, ஏற்கத்தக்க தரத்தில், தேவைப்படும்போதெல்லாம் திரும்பத் திரும்ப, நியாயமான நேரத்துக்குள் செய்ய முடிகிறதா என்றே பார்க்கும். நோய் இல்லாதவர் எடுக்கும் அதிகபட்ச நேரத்தைப் போல இரண்டு மடங்கைத் தாண்டினால் அது நியாயமான நேரமல்ல. "உடுத்தக் கஷ்டம்" என்பதைவிட "உடுத்த 40 நிமிடம், வாரத்தில் நான்கு நாள் பிறர் உதவி" என்பது கனமானது. கேள்வி எண்ணை மேலே போட்டு, ஒரு பத்திக்கு ஒரு விஷயம் போதும். தேசியக் காப்புறுதி எண், மருத்துவக் கடிதம் எதுவும் வேண்டாம். இது மேல்முறையீடு அல்ல.

அமைப்புகள் தரும் மாதிரிக் கடிதத்தை அப்படியே அனுப்பினால், பெரும்பாலும் ஒரே பிரசாரம் என்று ஒன்றாகக் கட்டிவிடுவார்கள். கேள்விகளை மட்டும் எடுத்துக்கொண்டு பதிலை உங்கள் வாக்கியத்தில் எழுதுங்கள்.

இன்னொன்று. அந்தக் கருத்துக்கேட்பு 2025 ஜூன் 30 அன்று முடிந்தது. மறுநாளே, நாடாளுமன்றத்தில் அப்போது விவாதத்தில் இருந்த உதவித்தொகை மசோதாவிலிருந்து 4 புள்ளி விதியை நீக்குவதாக அரசு அங்கே அறிவித்தது. ஒரே இரவில் யாரும் பதில்களைப் படித்துவிடவில்லை. சொந்தக் கட்சி உறுப்பினர்களின் எதிர்ப்புதான் காரணம். அதே மசோதாவில் புதிதாக விண்ணப்பிப்போரில் பெரும்பாலானவர்களுக்கு யுனிவர்சல் கிரெடிட் என்ற குறைந்த வருமானத்தோருக்கான உதவித்தொகையில் சேரும் உடல்நலத் தொகையைக் கிட்டத்தட்டப் பாதியாக்கும் பகுதி நிறைவேறியது. ஆகவே, பதிலின் நகலை உங்கள் தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினருக்கும் அனுப்புங்கள், வாக்கெடுப்புக்கு முன்பே. முழு முகவரியையும் அஞ்சல் குறியீட்டையும் சேருங்கள். தன் தொகுதிக்காரர் என்று தெரியாவிட்டால் அவருடைய அலுவலகம் பெரும்பாலும் பதில் போடாது.