நாங்கள் அடைத்த தெருவும் எங்கள் பள்ளிவாசலும்

எங்கள் ஊர்ப் பள்ளிவாசலுக்கு மாவட்ட ஆட்சியரின் அனுமதி கிடைக்க ஏறக்குறைய நான்கு வருடம் ஆனது. அந்த நான்கு வருடமும் ஜமாஅத் (ஊர் முஸ்லிம்களின் சபை) செயலாளராகக் கோப்பைத் தூக்கிக்கொண்டு அலைந்தவன் நான். கோயிலோ சர்ச்சோ பள்ளிவாசலோ, எதைக் கட்ட நினைப்பவருக்கும் இது உதவும் என்றுதான் எழுதுகிறேன்.

சிவகங்கைப் பக்கம் ஒரு கிராமம். இரண்டு தெருக்களில் நாங்கள், மற்றத் தெருக்களில் இந்துக்கள். இருந்தது ஒரு பழைய ஓட்டுப் பள்ளிவாசல். ஜும்ஆவுக்கு, அதாவது வெள்ளிக்கிழமைத் தொழுகைக்கு, பாதிப் பேர் வெயிலில் நின்று தொழ வேண்டியிருக்கும். 2018இல் எல்லோரிடமும் வசூலித்துத் தெருக்கோடியில் 14 சென்ட் வாங்கினோம். சொந்தப் பட்டா இடம், யாரைக் கேட்க வேண்டும் என்று வானம் தோண்ட ஆரம்பித்துவிட்டோம். மூன்றாம் நாள் கிராம நிர்வாக அலுவலரும் போலீஸும் வந்து வேலையை நிறுத்தினார்கள்.

அப்போதுதான் விதி தெரிந்தது. அப்போது எங்களுக்குக் காட்டியது 1997ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிகள் கட்டட விதிகளில் 4(3). பொது வழிபாட்டுக்கான கட்டடம் என்றால் ஆட்சியரின் முன் அனுமதி இல்லாமல் கட்டக் கூடாது. பொது அமைதிக்குப் பங்கம் வரும் என்று கருதினால் அவர் மறுக்கலாம். வீடு கட்டுவதுபோல ஊராட்சியில் வரைபடம் கொடுத்துவிட்டுக் கட்டுகிற வேலை இல்லை இது. தோண்டிய குழியை நாங்களே மூடினோம்.

பத்திரம், பட்டா, சிட்டா, வில்லங்கச் சான்று, புலப்பட நகல், வரைபடம் எல்லாம் சேர்த்து மனுக் கொடுத்தோம். மனு ஆட்சியர் அலுவலகத்தோடு நின்றுவிடாது. வருவாய்த் துறையிடம் ஓர் அறிக்கை, காவல் துறையிடம் ஓர் அறிக்கை கேட்பார்கள். ஒவ்வொரு மேசையிலும் மாதக்கணக்கில் கிடக்கும். கோப்பு எங்கே இருக்கிறது என்பதையே தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டுத்தான் கண்டுபிடித்தேன். இடையில் ஊரிலிருந்து 31 பேர் கையெழுத்திட்ட ஆட்சேபணை மனு போனது. 2020 கடைசியில் மறுப்பு ஆணை வந்தது. காரணம்: சட்டம் ஒழுங்கு.

உயர் நீதிமன்ற மதுரைக் கிளைக்குப் போகலாம் என்று வக்கீலைப் பார்த்தோம். "யாரோ எதிர்க்கிறாங்க என்பது மட்டுமே மறுக்கக் காரணம் ஆகாது, வாதாடலாம்" என்றார். ஆட்சேபணை மனுவின் நகலை வாங்கிப் படித்தவர், "இதுல தெருவைப் பத்தி எழுதியிருக்காங்களே, அது என்ன பாய்?" என்று கேட்டார்.

சொன்னேன். 2013இல் அம்மன் கோயில் முளைப்பாரி ஊர்வலம் எங்கள் தெரு வழியே வந்தபோது, இஷா (இரவுத் தொழுகை) நேரத்தில் மேளம் அடித்ததாகத் தகராறு. அடுத்த வருடம் எங்கள் ஆட்கள், 'முஸ்லிம்கள் வாழும் பகுதி, இங்கே ஊர்வலம் வேண்டாம்' என்று காவல் நிலையத்தில் மனுக் கொடுத்தோம். ஊர்வலம் சுற்றுப் பாதைக்குப் போய்விட்டது. அந்த மனுவில் என் கையெழுத்தும் இருக்கிறது.

வக்கீல் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு ஒரு தீர்ப்பின் நகலை அனுப்பிவைத்தார். பெரம்பலூர் மாவட்டம் வி.களத்தூர் ஊர்வல வழக்கில் 2021இல் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. ஒரு பகுதியில் ஒரு மதத்தார் அதிகமாக இருக்கிறார்கள் என்பதற்காக மற்ற மதத்தாரின் ஊர்வலத்தைத் தடுக்க முடியாது. அந்த வாதத்தை ஏற்றுக்கொண்டால் இந்தியாவின் பெரும்பாலான இடங்களில் சிறுபான்மையினர் எந்த விழாவும் நடத்த முடியாமல் போய்விடும். இதைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. எங்கள் 2014 மனுவும் அவர்களுடைய ஆட்சேபணை மனுவும் ஒரே வார்த்தைகளில் இருந்தன. 'எங்கள் பகுதி, இங்கே வேண்டாம்.'

அவர்கள் பக்கத்து ஊர்ப் பெரியவரான அம்பலகாரரைப் போய்ப் பார்த்தேன். என் அத்தாவோடு சேர்ந்து படித்தவர், எனக்குப் பெரியப்பா முறை. "தெருவைத் திறந்துவிடுறோம் பெரியப்பா. நீங்க ஆட்சேபணையை வாபஸ் வாங்கச் சொல்லுங்க" என்றேன். அவர் முகம் கறுத்துவிட்டது. "ரோடு உங்க சொத்தாடா? எதுக்கு எதை விலை பேசுற? எங்க ஆத்தா வர்றதுக்கு நீ கூலி கேக்குற. அப்படின்னா நீ தொழுறதுக்கு நாங்களும் கூலி கேப்போம்ல?"

அவர் சொன்னதுதான் சரி. ஊர்வலம் போவது அவர்கள் உரிமை, தொழ இடம் கட்டுவது எங்கள் உரிமை. ஒன்றைப் பிணையாக வைத்து இன்னொன்றைக் கேட்டால் இரண்டுமே சலுகையாகிவிடும். அடுத்த தகராறில் யாரும் திருப்பி வாங்கிக்கொள்ளலாம்.

ஜமாஅத்தைக் கூட்டினேன். இளைஞர்கள் கொதித்தார்கள். பள்ளியையும் தராமல் தெருவையும் எடுத்துக்கொள்வார்கள் என்றார்கள். பள்ளிவாசல் இமாமான ஹஜ்ரத்தான் பேசினார். "நாகூர் தர்காவுல பெரிய மினாரா 131 அடி. கட்டிக் கொடுத்தது தஞ்சாவூர் மராட்டிய ராஜா பிரதாப் சிங். பக்கத்து ஊர் தர்காச் சந்தனக்கூடு ஊர்வலம் வருஷா வருஷம் யார் தெரு வழியா வருது? நம்ம தெரு மட்டுமா?" விடியும்வரை பேசித் தீர்மானம் போட்டோம். எந்த நிபந்தனையும் இல்லாமல், எங்கள் 2014 மனுவைத் திரும்பப் பெறுவதாகக் காவல் நிலையத்தில் எழுதிக் கொடுத்தோம். பள்ளிவாசல் பற்றி அந்தக் கடிதத்தில் ஒரு வரி இல்லை. மேளத்தை நிறுத்தச் சொல்ல வேண்டாம் என்றும் முடிவு செய்தோம். நேரம் மட்டும் கேட்டோம். அஸர், மஃரிப் என்ற இரண்டு மாலைத் தொழுகைகளுக்கும் நடுவே, ஐந்து மணிக்கு வரலாமா என்று. சரி என்றார்கள்.

2022 பங்குனியில் முளைப்பாரி வந்தது. ஒன்பது வருடம் கழித்து. ஊர்வலத்தில் வந்த ஒரு பாட்டி எங்கள் சின்னம்மா வீட்டு வாசலில் நின்று, "இந்தத் திண்ணையிலதான் தாயம் ஆடுவோம், திண்ணையை ஏன்டி இடிச்சீங்க?" என்று அதட்டினார். சின்னம்மாவுக்குப் பதில் வரவில்லை, அழுகைதான் வந்தது.

பிறகுதான் புதிதாக மனுக் கொடுத்தோம். கோட்டாட்சியர் அமைதிக் கூட்டம் கூட்டினார். போகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன்: அந்தக் கூட்டத்தில் வாயால் ஒப்புக்கொள்வதோடு விடாதீர்கள். ஒலிபெருக்கி எந்தப் பக்கம் திரும்பியிருக்கும், வெள்ளிக்கிழமை வண்டிகள் எங்கே நிற்கும், ஊர்வலம் எந்த நேரத்தில் எந்த வழியாகப் போகும் என்று எல்லாவற்றையும் எழுதி, இரண்டு தரப்பும் கையெழுத்துப் போட்டு, நகல் வாங்கிக்கொள்ளுங்கள். அந்த ஒரு தாள்தான் காவல் துறை அறிக்கையை மாற்றியது. செப்டம்பரில் அனுமதி வந்தது.

31 பேரில் 27 பேர் ஆட்சேபணை இல்லை என்று கையெழுத்துப் போட்டார்கள். நான்கு பேர் போடவில்லை. அதில் ஒருவர் என்னோடு பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர். எங்கள் பக்கமும் இரண்டு குடும்பங்கள் தெருவைத் திறந்த கோபத்தில் சந்தா கொடுப்பதை நிறுத்திவிட்டன. அந்த ஆறு வீட்டுக்கும் ஒவ்வொரு நோன்பிலும் கஞ்சி கொண்டுபோகிறேன். ஐந்து வீட்டில் வாங்கிக்கொள்கிறார்கள்.