தென்னந்தோப்புக்கு வந்த ஜீரோ டர்ன்

ஆகஸ்ட் 18, 2024, ஞாயிறு

வண்டியைப் பேசி முடித்தாயிற்று. கோவையில் ஒரு பெரிய வளாகத்தின் புல்தரையில் ஓடிக்கொண்டிருந்த பழைய டீசல் ஜீரோ டர்ன், உட்கார்ந்து ஓட்டுகிற புல்வெட்டும் வண்டி. குபோட்டா, மூன்று சிலிண்டர், 1123 சிசி. வெட்டும் அகலம் 60 அங்குலம், அதாவது ஐந்தடி. இன்ஜின் ஓடிய மணிநேரத்தைக் காட்டும் மணிக்காட்டியில் 1,400 தாண்டியிருக்கிறது. எண்ணெய் ஒழுங்காக மாற்றியிருந்தால் டீசல் இன்ஜினுக்கு அது பெரிய வயதில்லை.

விலையைக் கேட்டதும் அப்பா, "அந்தக் காசுக்குப் பழைய டிராக்டரே ஒண்ணு வாங்கிப்போடலாமே, அம்மிணி" என்றார். டிராக்டர்தான் இருக்கிறதே! அது செய்கிற வேலை வேண்டாம் என்றுதானே இதற்கே போகிறேன். தென்னையின் உணவு உறிஞ்சும் வேர்கள் பெரும்பாலும் மேல்மண்ணில்தான் பரவிக் கிடக்கின்றன. வருசத்துக்கு இரண்டு தடவை கொத்துக்கலப்பையோ ரோட்டவேட்டரோ விட்டால் அத்தனையும் அறுபடும். 2016-இல் பொள்ளாச்சிப் பக்கம் தலைகாட்டிய சுருள் வெள்ளை ஈ இன்னும் போகவில்லை, வாடல் நோயும் பல தோப்புகளில் நிற்கிறது. ஏற்கெனவே நொந்து நிற்கிற மரத்தின் வேரை நாமும் அறுக்க வேண்டுமா? களைக்கொல்லி அடிக்க எனக்கு மனசே வராது. கிளைபோசேட்டைப் பூச்சிக்கட்டுப்பாட்டு ஆட்கள் வழியாக மட்டுமே பயன்படுத்த வேண்டும் என்று 2022 அக்டோபரிலேயே மத்திய அரசு சொல்லிவிட்டது.

புல் இருக்கட்டும். வெட்டியதை அங்கேயே மூடாக்காகப் போட்டுவிட வேண்டும். அதற்குத்தான் இந்த வண்டி.

ஆகஸ்ட் 25, ஞாயிறு

சின்ன லாரியில் ஆனைமலை வந்து சேர்ந்தது. வாங்குவதற்கு முன் பார்த்தவற்றை எழுதி வைக்கிறேன், யாருக்காவது உதவும். இன்ஜின் சூடில்லாமல் இருக்கும்போதுதான் ஸ்டார்ட் செய்து பார்க்க வேண்டும். விற்கிறவர் நமக்கு முன்னாலேயே சூடேற்றி வைத்திருந்தால் சந்தேகப்படலாம். ஓடும்போது எண்ணெய் ஊற்றும் மூடியைத் திறந்தால் புகை குபுகுபுவென்று தள்ளக்கூடாது. அப்புறம் முக்கியமானது ஹைட்ராலிக். அரைமணி நேரமாவது வேலை செய்ய விட்டு, எண்ணெய் நன்றாகச் சூடானபின் மேட்டில் ஏற்றிப் பார்க்க வேண்டும். தேய்ந்த பம்பு குளிரில் நன்றாக இழுக்கும், சூட்டில்தான் காலை வாரும்.

இதில் ஸ்டியரிங் கிடையாது. பின் சக்கரம் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி ஹைட்ராலிக் பம்பும் மோட்டாரும். இரண்டு கைக்கும் இரண்டு லிவர். ஒன்றை முன்னே தள்ளி மற்றதைப் பின்னே இழுத்தால் நின்ற இடத்திலேயே சுற்றும். முன் சக்கரங்கள் ஆஸ்பத்திரி ஸ்ட்ரெச்சரின் சக்கரம் மாதிரி, போகிற போக்குக்குத் திரும்பிக்கொள்ளும். எங்கள் தோப்பில் மரத்துக்கு மரம் 25 அடி. டிராக்டர் வரிசையில் நேராகப் போய்த் திரும்பும், இது மரத்தைச் சுற்றியே வெட்டிக்கொண்டு வரும். வட்டப்பாத்தியின் விளிம்பு வரை போகலாம்.

பெட்ரோலில் இதே வண்டி இருக்கிறது, விலையும் குறைவு. ஆனால் டிராக்டருக்காக டீசல் எப்படியும் சாளையில், அதாவது தோட்டத்து வீட்டில், இருக்கிறது. அடர்ந்த கோரையில் இறங்கும்போது டீசலின் இழுவை விழுவதில்லை, கத்தியின் வேகமும் அப்படியே நிற்கிறது. வெட்டு சுத்தமாக வருவதே அதனால்தான்.

செப்டம்பர் 1, ஞாயிறு

சீட்டுக்கடியில் இருக்கும் ஸ்விட்சுக்கு முன்பிருந்தவர்கள் டைரக்ட் கொடுத்து வைத்திருந்தார்கள். ஓட்டுபவர் எழுந்தாலும் கத்தி நிற்காது! பக்கவாட்டில் புல் வெளியேறும் வாயின் மூடியும் இல்லை. கழற்றி எங்கேயோ போட்டுவிட்டார்களாம்.

இந்த மாதிரி வண்டிகளில் கத்தியின் நுனி நொடிக்கு 90 மீட்டரை ஒட்டிய வேகத்தில் சுழலும். மணிக்கணக்கில் சொன்னால் 320 கிலோமீட்டருக்கு மேல். அதில் ஒரு சரளைக்கல் பட்டால் எங்கே போய் விழும் என்று சொல்ல முடியாது. தோப்பில் மட்டை பொறுக்க ஆட்கள் நடமாடிக்கொண்டே இருப்பார்கள். மற்ற எதைத் தொடுவதற்கும் முன்னால் இந்த இரண்டும்தான் என்று எலக்ட்ரீசியன் தம்பியை வரச்சொல்லி, ஒயரைப் பழையபடி ஸ்விட்ச் வழியாகவே கொடுத்தோம். வாய்க்கு இரும்புச் சட்டம் வைத்து, கன்வேயர் பெல்ட் ரப்பரைத் தடிமனாக வெட்டித் தொங்கவிட்டாயிற்று. புல் கீழ்நோக்கி வழிந்து விழுகிறது, கல் தெறித்தாலும் ரப்பரில் பட்டு இறங்கிவிடும்.

செப்டம்பர் 8, ஞாயிறு

கிழக்குத் துண்டில் முதல் வெட்டு. அருகும் குப்பைமேனியும் பார்த்தீனியமும் சும்மா போயின. குரும்பை கூடப் பிரச்சினையில்லை. மட்டையையும் பாளையையும் முன்கூட்டியே பொறுக்கிவிடுகிறோம். சிக்கல் பன்னாடையில்தான், தென்னை மட்டையின் அடியில் வலை மாதிரி இருக்கும் நார். மண்ணோடு மண்ணாகப் படிந்து கிடப்பது கண்ணில் படவே படாது. கத்திக்கு மேலே, அதைச் சுழற்றும் தண்டான ஸ்பிண்டிலின் கழுத்தில் போய்ச் சுற்றிக்கொள்கிறது. நார் இறுக இறுகச் சூடாகி, பேரிங்கின் சீலைத் தின்றுவிடும். கத்திகளை மேலிருந்து மூடியிருக்கும் டெக்கைத் தூக்கிக் கொக்கிக் கத்தியால் அறுத்து எடுத்தேன். கயிறு மாதிரி முறுக்கேறி, எண்ணெய் நாற்றத்தோடு கருகி வந்தது. புல்தரைக்கென்று செய்த வண்டி, பன்னாடையை எங்கே பார்த்திருக்கப் போகிறது?

செப்டம்பர் 14, சனி

கோவை கணபதியில் தெரிந்த லேத் பட்டறைக்கு ஸ்பிண்டில் ஒன்றைக் கழற்றி எடுத்துப் போனேன். பட்டறைக்காரத் தம்பி உருட்டி உருட்டிப் பார்த்துவிட்டு, "அக்கா, இதுக்கு ஒரு கிண்ணம் வெச்சரலாமுங்க. கழுத்தை மூடிருச்சுன்னா நாரு எதைப் புடிச்சுச் சுத்தும்?" என்றார். அதேதான். டெக்கின் அடியில் ஸ்பிண்டிலைத் தாங்கும் கூட்டைச் சுற்றி ஒரு இரும்பு வளையம். கத்தியோடு சேர்ந்து சுழல்கிற இன்னொரு கிண்ணம் அதற்கு வெளியே கவிந்து நிற்கும். இரண்டுக்கும் நடுவே மயிரிழை இடைவெளி. சுழல்கிற பாகம் என்பதால் மூன்று கத்திக்கும் மூன்று கிண்ணத்தையும் லேத்தில் ஒரே எடைக்குக் கடைந்து, பேலன்ஸ் பார்த்தே கொடுத்தார்.

அங்கேயே இருந்த இன்னொருவர், லாரியின் ஸ்பிரிங் பட்டையில் கத்தி அடித்துத் தருவதாகச் சொன்னார். பட்டை நல்ல இரும்புதான், அரிவாளுக்கு அதை விட்டால் வேறில்லை. ஆனால் பதம் ஒரு துளி கூடிப்போனால் கல்லில் பட்டதும் துண்டாகத் தெறிக்கும். அரிவாள் உடைந்தால் கையோடு போகும், இந்த வேகத்தில் உடைந்தால் ஆள் உயிர். வேண்டாங்கண்ணா என்று சொல்லிவிட்டேன். வண்டியில் எதை வேண்டுமானாலும் மாற்றலாம், கத்தியை மட்டும் கம்பெனிக் கத்தியாகவே போடுங்கள். விலை கூடுதல்தான், ஆகட்டும்.

செப்டம்பர் 22, ஞாயிறு

கிண்ணம் வேலை செய்கிறது. பன்னாடை சிக்கினாலும் வெளியே நழுவி, துணுக்காக விழுந்துவிடுகிறது.

அடுத்தது தூசி. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று இன்னும் அடங்கவில்லை. காய்ந்த செம்மண்ணும் புல் விதையும் சேர்ந்து ரேடியேட்டர் வலையை அடைக்க, வெப்பமுள் மேலே ஏறுகிறது. வலைக்கு முன்னால் இன்னும் நெருக்கமான கண்ணுள்ள வலை ஒன்றைச் சட்டம் போட்டு மாட்டினேன். திருகில்லை, உருவி உதறிவிட்டு மாட்ட வேண்டியதுதான். ரேடியேட்டருக்குக் காற்றடிக்கும்போது உள்ளிருந்து வெளியே அடிக்க வேண்டும். வெளியிலிருந்து அடித்தால் குப்பை தகட்டுக்குள் இன்னும் இறுகும். ஏர் ஃபில்டருக்கு மேலே டிராக்டரில் இருப்பது போன்ற பிரீ கிளீனர் ஒன்று வைத்தாயிற்று. காற்று உள்ளே சுழன்று போகையில் கனமான தூசி ஓரமாக ஒதுங்கிக் குடுவையில் விழுந்துவிடும். மாலையில் குடுவையைக் கவிழ்த்தால் உள்ளங்கை நிறையச் செம்மண்.

செப்டம்பர் 26, வியாழன்

நெருஞ்சி. முன் சக்கரம் இரண்டும் பஞ்சர். ஃபோர்க்லிஃப்ட் டயர் விற்கும் கடையில் அதே அளவில் கெட்டி ரப்பர் சக்கரம் கிடைத்தது. பின்னால் டியூப் போட்டு, ஓட்டை அடைக்கும் திரவமும் ஊற்றியாயிற்று.

அக்டோபர் 6, ஞாயிறு

பக்கத்துத் தோட்டத்துப் பெரியப்பா வந்து பார்த்துவிட்டு, "ஏங்கண்ணு, மேலே தேங்கா உழுந்தா என்ன பண்ணுவே?" என்றார். நானும் அதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தேன். வண்டி கவிழ்ந்தால் ஓட்டுபவரைக் காக்கும் வளைவுச் சட்டம் பின்னால் இருக்கிறது. அதில் கூரை போடலாம். ஆனால் அந்தச் சட்டத்தில் வெல்டிங் வைக்கவோ துளை போடவோ கூடாது. சூடுபட்ட இடம் பலம் இழந்துவிடும், கவிழும்போது அங்கேதான் மடியும். அதனால் யூ போல்ட்டால் இறுக்கிப் பிடித்து, முன்பக்கம் ஃபுட்போர்டுக்கு இரண்டு கால் இறக்கி, மேலே கனமான இரும்பு வலை. முற்றின காய் ஒன்றை ஏணியிலிருந்து போட்டுப் பார்த்தோம். வலை அமுங்கி எழுந்தது. சீட் பெல்ட் போடாமல் யாரும் உட்காரக்கூடாது என்பது தோட்டத்துக்கு இப்போது சட்டம், அப்பாவுக்கும் சேர்த்துத்தான்.

அக்டோபர் 11, வெள்ளி

ஆயுத பூஜை. டிராக்டருக்கும் இதற்கும் சந்தனம், குங்குமம், மாலை. வேலை இல்லை.

நவம்பர் 3, ஞாயிறு

மழைக்குப் பின் புல் முழங்கால் வரை வந்துவிட்டது. இரண்டு தடவையாக வெட்டுகிறேன். முதலில் உயரத்தில், அடுத்து நான்கு அங்குலத்தில். ஒரேயடியாக ஒட்ட வெட்டினால் மண் தெரியும், வெயில் பட்டதும் ஈரம் போய்விடும்.

வாய்க்கால் கரைச் சரிவில் மட்டும் வண்டியை விடுவதில்லை. முன் சக்கரத்துக்குப் பிடிமானமும் கிடையாது, பிரேக்கும் கிடையாது. பின் சக்கரம் ஈரப்புல்லில் வழுக்கியதென்றால் திருப்பவும் முடியாது, நிறுத்தவும் முடியாது. அந்தக் கரைக்குப் பிரஷ் கட்டர்க்காரரே வரட்டும், கூலி கொடுத்துவிடலாம்.

நவம்பர் 17, ஞாயிறு

மேற்குத் துண்டில் மூடாக்கை விலக்கிப் பார்த்தேன். அடியில் இருந்தது மக்கிக் கருத்து, மண்ணோடு சேர்ந்துகொண்டிருக்கிறது. மண்புழு எச்சம் குவியல் குவியலாகத் தள்ளியிருக்கிறது. போன வருசம் உழுத துண்டில் கடப்பாரை போட்டால் டங்கென்று திரும்பியது, இங்கே கை மண்வெட்டியே இறங்குகிறது. வெள்ளை வேர் நாலைந்து மேலேயே ஓடுவதை அப்பாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். குனிந்து தொட்டுப் பார்த்தவர், "மூடிப்போடு கண்ணு, வெயில் படுது" என்றார். ரோட்டவேட்டரை விற்கலாமா என்று கேட்டதற்கு, தை போகட்டும் என்றார்.

ஏனுங்க, எங்க தோப்பிலும் ஓட்டித் தருவீங்களா என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். சொட்டுநீர்க் குழாய் எங்கே ஓடுகிறது என்று தெரியாத தோப்பில் கத்தியை இறக்க மாட்டேன். முதலில் நடந்து பார்த்து, குழாயும் கல்லும் இருக்கும் இடத்தில் குச்சி நட்டுத் தந்தால் வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். அதற்குள் ஹைட்ராலிக் எண்ணெயையும் ஃபில்டரையும் மாற்ற வேண்டும், ஒரு பெல்ட்டும் கத்தி ஒரு செட்டும் வாங்கி வைக்க வேண்டும்.