நானூறு ரூபாய் போர்டும் 9.00-ல் நின்றுபோன பிஎஸ்4ம்

அத்தான் துபாய்க்கு மாற்றலாகிப் போகும்போது தன் பிஎஸ்4 ஸ்லிம்மை (சோனியின் கேம் கன்சோல்) எங்கள் வீட்டுப் பரணில் ஏற்றிவிட்டுப் போனார். "இனி அதை யார் தொடப்போறா, நீயே வச்சுக்கோ" என்று போனிலேயே எழுதிக் கொடுத்துவிட்டார். இறக்கித் தூசு தட்டி, டிவியில் மாட்டி, செட்டிங்ஸுக்குள் போய் சிஸ்டம் இன்ஃபர்மேஷனைப் பார்த்தேன். சிஸ்டம் சாஃப்ட்வேர் 9.00. நெட் இணைப்பே இல்லாமல் கிடந்ததால் அப்டேட் ஆகாமல் அப்படியே நின்றிருக்கிறது. இந்த விஷயத்தில் கொஞ்சம் ஆர்வம் உள்ளவர்களுக்கு அந்த எண் லாட்டரி டிக்கெட் மாதிரி. அதில் நிற்கும் பிஎஸ்4-ஐ, யூஎஸ்பி சாக்கெட்டில் மாட்டும் ஒரு குட்டி டாங்கிளை வைத்து ஹேக் செய்யலாம். அந்த டாங்கிளை நானே செய்த கதைதான் இது.

காரணம் இது. 9.00 வந்தது 2021 செப்டம்பரில். அதே ஆண்டு டிசம்பரில் அதன் கெர்னலுக்குள் (சிஸ்டத்தின் மையப் பகுதி) ஓர் ஓட்டை வழியாக நுழையும் எக்ஸ்ப்ளாய்ட் வெளியானது. ஓட்டையைக் கண்டுபிடித்தவர் தஃப்ளோ என்ற பெயரில் இயங்கும் ஆண்டி நுயென். அதை பிஎஸ்4-ல் ஓடவைத்தவர்கள் செண்டோசாப் குழுவினர். 9.03-ல் சோனி அதை அடைத்துவிட்டது. பிஎஸ்4-ல் ஒருமுறை மேலே ஏறினால் கீழே இறங்க சுலபமான வழியில்லை. அதனால் 9.00-ல் நிற்கும் கன்சோல் கையில் கிடைத்தால் முதல் வேலை, வீட்டு வைஃபையை அதற்குக் காட்டாமல் இருப்பதுதான். ஆட்டோமேட்டிக் டவுன்லோடையும் அணைத்துவிட்டேன்.

ஓட்டை எங்கே என்று புரிந்துகொண்டால் டாங்கிள் எதற்கு என்பது தானாகப் புரியும். எக்ஸ்ஃபேட் முறையில் ஃபார்மேட் செய்த பெண்டிரைவில் ஃபைல் பெயர்களில் சின்ன எழுத்து, பெரிய எழுத்து வித்தியாசம் கிடையாது. ஆகவே எந்தச் சின்ன எழுத்துக்கு எந்தப் பெரிய எழுத்து என்று ஓர் அட்டவணை டிரைவிலேயே எழுதப்பட்டிருக்கும். பெண்டிரைவைச் செருகியதும் பிஎஸ்4 அந்த அட்டவணையை மெமரிக்குள் படித்துக்கொள்ளும். அட்டவணையின் அளவு 64 பிட் எண்ணாக எழுதப்பட்டிருக்கிறது. ஆனால் இடம் ஒதுக்கும் இடத்தில் அதில் 32 பிட்டை மட்டும் எடுத்துக்கொள்கிறார்கள். படிக்கும்போது முழு எண்ணையும் நம்புகிறார்கள். சொம்பைக் கீழே வைத்துவிட்டு அண்டாவைக் கவிழ்த்தால் என்ன ஆகுமோ அதுதான் ஆகிறது. வழிந்தது பக்கத்தில் இருக்கும் கெர்னல் டேட்டாவின் மேல் விழுகிறது. அது சரியான இடத்தில் விழும்படி மெமரியை முன்கூட்டியே அடுக்கி வைக்கும் வேலையை பிரவுசர் வழியாகச் செய்கிறார்கள்.

ஆக, இரண்டு சாமான் தேவை: பிரவுசர் எக்ஸ்ப்ளாய்ட் இருக்கும் ஒரு வெப் பக்கம், கெட்டுப்போன அட்டவணை எழுதிய ஒரு பெண்டிரைவ். கையால் செய்தால், பக்கத்தைத் திறந்து, திரையில் செய்தி வந்ததும் பெண்டிரைவைச் செருகி, "இந்த யூஎஸ்பி சாதனத்தைப் பயன்படுத்த முடியாது" என்ற அறிவிப்பு வரும்வரை காத்திருந்து, ஓகே கொடுத்து, பிறகு பிடுங்க வேண்டும். இந்த ஹேக் நிரந்தரமானதும் இல்லை. கன்சோலை முழுசாக ஆஃப் செய்தால் போயே போச்சு. அடுத்த முறை முதலிலிருந்து ஆரம்பிக்கணும். இதைக் கொஞ்ச நாள் கையாலேயே செய்து பார்த்தேன். சலித்துப்போனது. செருகுவதும் பிடுங்குவதுமாக அந்த யூஎஸ்பி சாக்கெட்டின் ஆயுளைப் பற்றியும் கவலை வந்துவிட்டது.

இந்த இரண்டு வேலையையும் ஒரே போர்டு செய்யும் என்று தெரிந்ததும் ரிச்சி ஸ்ட்ரீட்டுக்குக் கிளம்பினேன். தேவைப்பட்டது ஈஎஸ்பி32-எஸ்2 சிப் உள்ள போர்டு. அந்த "எஸ்2" ரொம்ப முக்கியம். கடையில் ஈஎஸ்பி என்று சொன்னதுமே நோட்எம்சியு போர்டை எடுத்து மேசையில் வைப்பார்கள். அதில் இருப்பது ஈஎஸ்பி8266. வைஃபை உண்டு, வெப் பக்கமும் கொடுக்கும், ஆனால் அதிலுள்ள யூஎஸ்பி சாக்கெட் வெறும் சீரியல் கன்வர்ட்டருக்குப் போகிறது. சிப்புக்கு யூஎஸ்பி பேசவே தெரியாது. சாதாரண ஈஎஸ்பி32-க்கும் இதே கதை. எஸ்2-வில் மட்டும் (பிறகு வந்த எஸ்3-யிலும்) யூஎஸ்பி சிப்புக்குள்ளேயே இருக்கிறது. அதனால் அது பெண்டிரைவாக, கீபோர்டாக, என்னவாக வேண்டுமானாலும் வேஷம் போடும். "ரெண்டும் ஒண்ணுதான் சார், எல்லாம் வைஃபை போர்டுதான்" என்றார் முதல் கடைக்காரர். இல்லை. ஒரு சந்து தள்ளி இன்னொரு கடையில் எஸ்2 மினி கிடைத்தது. நானூறு ரூபாய்க்குக் கொஞ்சம் குறைவு. 4 எம்பி ஃபிளாஷ், 2 எம்பி பிஎஸ்ரேம், டைப்-சி சாக்கெட், "0" என்றும் "ஆர்எஸ்டி" என்றும் எழுதிய இரண்டு குட்டி பட்டன்கள். இதே போர்டைத்தான் பிளாஸ்டிக் கூட்டில் போட்டு "பிஎஸ்4 ஜெயில்பிரேக் டாங்கிள்" என்று ஆன்லைனில் பல மடங்கு விலைக்கு விற்கிறார்கள். கூட்டுக்கு அவ்வளவு காசா என்று கேட்கத் தோன்றுகிறது.

நிரல் எழுதும் வேலை நமக்கு இல்லை. ஸ்டூஜ்ட் என்ற பெயரில் ஒருவர் இந்தப் போர்டுக்கென்றே ஆர்டுயினோ ஸ்கெட்ச் (நிரல்) எழுதி இலவசமாகக் கொடுத்திருக்கிறார். வெப் சர்வர், டிஎன்எஸ் சர்வர் (தளத்தின் பெயரைக் கேட்டால் முகவரி சொல்வது), போலி பெண்டிரைவ் மூன்றும் அதில் அடக்கம். நான் ஆர்டுயினோ ஐடிஇ-யிலேயே கம்பைல் செய்தேன். இரண்டு விஷயம் கவனிக்க வேண்டும். ஈஎஸ்பி32 போர்டு பேக்கேஜில் 2.0 வரிசையையே வைத்துக்கொள்ளுங்கள், 3.0-ல் லைப்ரரிகள் மாறிவிட்டதால் பழைய ஸ்கெட்ச்கள் பல மக்கர் செய்கின்றன. அடுத்து, பார்ட்டிஷன் ஸ்கீமில் (ஃபிளாஷைப் பங்கு பிரிக்கும் முறை) ஓடிஏ, அதாவது வைஃபை வழி அப்டேட், இல்லாத, 2 எம்பி நிரலுக்கும் 2 எம்பி ஃபைல்களுக்கும் ஒதுக்கும் வகையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். எக்ஸ்ப்ளாய்ட் பக்கங்களும் பேலோடும் (ஹேக் முடிந்ததும் ஓடும் ஃபைல்) அந்த இரண்டாவது பாதியில்தான் உட்கார வேண்டும்.

போர்டை லேப்டாப்பில் மாட்டினால் முதலில் எந்த சீரியல் போர்ட்டும் தெரியாது. "0" பட்டனை அழுத்திப் பிடித்துக்கொண்டே "ஆர்எஸ்டி"யை ஒரு தட்டு தட்டி, பிறகு "0"-வை விடவேண்டும். லினக்ஸில் உடனே டிடிஒய்ஏசிஎம்0 என்று எட்டிப் பார்க்கும். நிரல் ஏறி முடிந்ததும் போர்டு தானாக எழுந்திருக்காது. நாமே "ஆர்எஸ்டி"யை ஒருமுறை தட்டணும். அதன் பிறகு அந்த சீரியல் போர்ட் காணாமல் போகும். பயப்பட வேண்டாம். போர்டு இப்போது வேறு வேஷத்தில் இருக்கிறது. மறுபடி நிரல் ஏற்ற வேண்டுமானால் அதே பட்டன் வித்தைதான்.

போனை எடுத்து வைஃபை பட்டியலைப் பார்த்தால் "பிஎஸ்4 வெப் ஏபி" என்ற பெயர் வந்திருந்தது. அதில் சேர்ந்து 10.1.1.1 என்று அடித்தால் பக்கம் திறக்கிறது. அட்மின் பக்கம் வழியாக கோல்ட்ஹென் பேலோடை ஏற்றினேன். ஸிஸ்ட்ரோ என்பவரின் ஆக்கம் அது. ஹேக் முடிந்ததும் கெர்னலில் உட்கார்ந்து எல்லா வசதிகளையும் திறந்துவிடுவது இந்தச் சின்ன ஃபைல்தான்.

பிஎஸ்4 பக்கம் வேலை சுலபம். வைஃபை செட்டிங்கில் டாங்கிளின் பெயரைத் தேர்ந்தெடுத்து, பாஸ்வேர்டு கொடுத்து, செட்டிங்ஸில் இருக்கும் யூசர்ஸ் கைடைத் திறந்தால் போதும். பிஎஸ்4 சோனியின் கையேட்டுத் தளத்தைத் தேடுகிறது. டாங்கிளில் இருக்கும் டிஎன்எஸ் "அது நான்தான்" என்று கூசாமல் பதில் சொல்கிறது. எந்த முகவரியைக் கேட்டாலும் இதே பதில்தான் என்பதால் அப்டேட் சர்வரையும் கன்சோலால் எட்ட முடியாது. ஒரே கல்லில் இரண்டு மாங்காய்.

மாட்டினேன். போர்டில் விளக்கு எரிந்தது. வைஃபை இணைந்தது, பக்கம் திறந்தது, பிரவுசர் கட்டம் தாண்டியது, யூஎஸ்பி கட்டத்தில் போய் நின்றுகொண்டது. அறிவிப்பு வரவே இல்லை. கொஞ்ச நேரத்தில் கன்சோல் தானாக ஆஃப் ஆனது. மறுபடி ஆன் செய்தால் "சரியாக அணைக்கப்படவில்லை" என்று டிஸ்கைச் சோதிக்கும் கோடு ஓடியது. திரும்பச் செய்தாலும் அதே இடம். டாங்கிளுக்கு இரண்டு வேலை என்று தெரிந்திருந்ததால் சந்தேகம் சரியான இடத்துக்குப் போனது: வைஃபை பாதி வேலை செய்கிறது, யூஎஸ்பி பாதி செய்யவில்லை. போர்டை லேப்டாப்பில் மாட்டியபோது பயன்படுத்தியது வேறு கேபிள். பிஎஸ்4-ல் மாட்டியது கடையில் போர்டோடு சும்மா கொடுத்த குட்டிக் கேபிள். கத்தரியால் நடுவில் வெட்டிப் பார்த்தேன். சிவப்பு, கருப்பு. அவ்வளவுதான். பச்சையும் வெள்ளையும் இல்லவே இல்லை. சார்ஜ் மட்டும் ஏற்றும் கேபிள். கரண்ட் போகும், டேட்டா போகாது.

எப்படியும் ஒரு முழம் கேபிள் தொங்குவது எனக்குப் பிடிக்கவில்லை. நல்ல டேட்டா கேபிள் ஒன்றின் டைப்-சி முனையிலிருந்து நான்கு விரல் நீளம் விட்டு வெட்டினேன். அதன் மறுமுனையில் சால்டர் செய்யும் வகை யூஎஸ்பி ஆண் கனெக்டரைப் பற்றவைத்தேன். சிவப்பு 5 வோல்ட், வெள்ளை டேட்டா மைனஸ், பச்சை டேட்டா ப்ளஸ், கருப்பு கிரவுண்ட். எல்லாக் கம்பெனியும் இந்த நிறத்தை மதிப்பதில்லை. மல்ட்டிமீட்டரில் பீப் வைத்துப் பார்த்த பிறகே ஈயம் தொட வேண்டும். சிந்திய ஈயம் சிவப்பையும் கருப்பையும் சேர்த்துவிட்டால் கன்சோலின் யூஎஸ்பி போர்ட்டைத்தான் பணயம் வைக்கிறோம். டேட்டா கம்பிகளை முடிந்தவரை சின்னதாக, ஒன்றையொன்று முறுக்கியபடி விட்டேன். மேலே ஹீட் ஷ்ரிங்க் போட்டு லைட்டரால் சுருக்கினேன். பார்க்க அழகில்லை, ஆட்டினால் அசையவில்லை, அது போதும்.

இந்த முறை யூஎஸ்பி கட்டத்தில் திரையின் ஓரத்தில் அந்த அறிவிப்பு வந்தது. பக்கமே டாங்கிளுக்கு "பெண்டிரைவாக மாறு" என்று சொல்லி, சில விநாடி கழித்து "போதும்" என்று சொல்லிவிடுகிறது. நான் கையை மடியில் வைத்துக்கொண்டு வேடிக்கை பார்த்தேன். அடுத்து கோல்ட்ஹென் பெயர் மின்னியது.

எப்போதும் முதல் தடவையே கிடைக்கும் என்று நம்ப வேண்டாம். பிரவுசர் கட்டத்தில் "மெமரி போதவில்லை" என்று வந்தால் ஓகே கொடுத்துப் பக்கத்தைத் திரும்பத் திறந்தால் போதும். கெர்னல் கட்டத்தில் விழுந்தால் கன்சோல் ஆஃப் ஆகும். ஆன் செய்து ஒரு நிமிடம் சும்மா விட்டு மறுபடி முயல்வதுதான் வழி. பிரவுசரின் குக்கீ, கேஷ் எல்லாவற்றையும் துடைத்த பிறகு எனக்கு விழுவது குறைந்தது. வேலை முடிந்ததும் ரெஸ்ட் மோடில் போட்டுவிட்டால் ஹேக் அப்படியே இருக்கும், மெமரி அழிவதில்லையே. எங்கள் ஏரியாவில் கரண்ட் போகும்போது மட்டும் டாங்கிளை மறுபடி எடுக்கிறேன்.

இதையெல்லாம் எதற்குச் செய்தேன் என்றால், ப்ளட்போர்ன். 2015-ல் வந்த அந்த கேம் இன்றுவரை விநாடிக்கு 30 ஃப்ரேமில்தான் ஓடுகிறது. லான்ஸ் மெக்டொனால்ட் என்பவர் அதை 60-க்கு மாற்றும் பேட்சை (கேமில் செய்யும் சின்னத் திருத்தம்) 2021-ல் வெளியிட்டார். ஹேக் செய்யாத பிஎஸ்4-ல் அது ஓடாது. 2025-ல் சோனி நோட்டீஸ் அனுப்பி அதை எடுக்கவைத்தது. அதற்கு முன் இறக்கி வைத்தவர்களிடம் இன்னும் இருக்கிறது. ஸ்லிம்மில் 60 நிலையாக நிற்பதில்லை. பிக்சலைக் குறைக்கும் பேட்சையும் சேர்த்தால் பரவாயில்லை. இன்னும் வேகமான பிஎஸ்4 ப்ரோ வைத்திருப்பவர்கள் கொடுத்துவைத்தவர்கள். பரணில் இருந்து வந்த டிஸ்கைத்தான் போட்டு ஆடுகிறேன். டிஸ்க் வாங்காமல் ஆடத்தான் இதெல்லாம் என்று நினைப்பவர்கள், இந்தியப் பதிப்புரிமைச் (காப்பிரைட்) சட்டத்தின் 65ஏ பிரிவைப் படித்துப் பார்க்கலாம். ஹேக் செய்த கன்சோலைச் சோனியின் ஆன்லைன் சேவையான பிஎஸ்என்னில் இணைத்தால் தடை விழலாம் என்பதையும் மறக்க வேண்டாம்.

9.00-ஐத் தாண்டிவிட்டவர்களுக்கு இந்த யூஎஸ்பி வழி உதவாது. 11.00 வரைக்கும் 2024-ல் வந்த பிபிப்வ்ன் என்ற இன்னொரு எக்ஸ்ப்ளாய்ட் இருக்கிறது, ஆனால் அது யூஎஸ்பி வழியாக வருவதில்லை; லேன் கேபிளில் பிபிபிஓஈ (பிராட்பேண்டில் யூசர்நேம், பாஸ்வேர்டு கொடுத்துச் சேரும் முறை) இணைப்பு மாதிரி நடித்து உள்ளே நுழைகிறது. எஸ்2 மினியில் லேன் சாக்கெட்டே கிடையாது. அதற்கு லேன் உள்ள கம்ப்யூட்டரோ, ராஸ்பெர்ரி பை மாதிரி லினக்ஸ் போர்டோ வேண்டும்.

இன்னொன்று, டாங்கிளின் வைஃபை பாஸ்வேர்டு எல்லாப் போர்டிலும் ஒன்றேதான். அட்மின் பக்கத்தில் கான்ஃபிக் பகுதிக்குப் போய் மாற்றிவிடுங்கள். எங்கள் அப்பார்ட்மெண்டில் மூன்றாவது மாடிப் பையன் "அங்கிள், ஃப்ரீ வைஃபை இருக்கு, ஆனா நெட் வரல" என்று வந்து நின்ற பிறகுதான் நான் மாற்றினேன்.