மணி ஒலிக்காத இருபது வருஷம்

லண்டன் செயின்ட் மேரி-லி-போ தேவாலயத்தின் மணியோசை கேட்கும் தூரத்தில் பிறந்தவர்தான் அசல் காக்னி, அதாவது அசல் கிழக்கு லண்டன் உழைப்பாளி வர்க்கத்தவர், என்பது பழைய கணக்கு. அவர்கள் பேச்சுக்கும் காக்னி என்றே பெயர். 1941 குண்டுவீச்சில் அந்த மணிகளே நொறுங்கின. மறுபடி ஒலித்தது 1961-ல். இடையில் பிறந்த கிழக்கு லண்டன் பிள்ளைகளை எதில் சேர்ப்பதாம்?

காக்னிக்காரர்களின் இயைபு வழக்கு இருக்கிறதே, செம குறும்பு. ஒரு சொல்லுக்குப் பதில் அதோடு ஒலி இயைகிற சொற்றொடரைச் சொல்வது. 'லுக்' (பார்வை) என்பதற்கு இயைபாக 'புட்சர்ஸ் ஹுக்' (கசாப்புக்காரர் கொக்கி). அப்புறம் இயைகிற 'ஹுக்'கையே விழுங்கிவிட்டு வெறும் 'புட்சர்ஸ்'! வெளியாள் தலையைப் பிய்த்துக்கொள்ள வேண்டியதுதான். 1859-லேயே லண்டன் பதிப்பாளர் ஹாட்டன் இந்த வழக்கைத் தன் கொச்சைமொழி அகராதியில் ஏற்றிவிட்டார்.

போருக்குப் பின் குடிபெயர்ந்தவர்களோடு காக்னியும் எசெக்ஸ் பக்கம் போய்விட்டது. இன்றைய கிழக்கு லண்டன் இளசுகளிடம் கரீபியன் சாயல் தூக்கலான புதுப் பேச்சு. காக்னிக்காரர்கள் விழுங்கிய 'ஹெச்' ஒலியைப் பலர் இப்போது ஒழுங்காக உச்சரிக்கிறார்கள்!