பின்கோடு பிடித்து நடந்த லண்டன்

செப்டம்பர் 16, 2025, செவ்வாய்

வந்து ஐந்து நாளாகிறது. மகள் வீடு மேனர் பார்க்கில். தெரு முனையில் தெருப் பெயர்ப் பலகை, அதில் ஈ12 என்று அஞ்சல் வட்டத்தின் எண். 2018இல் வந்தபோது அந்த எண்ணை நின்று பார்க்க நேரமே கிடைக்கவில்லை. அரண்மனை, டவர் பிரிட்ஜ், மியூசியம் என்று தினமும் ஓட்டம். பிக் பென்னைச் சுற்றிச் சாரம் கட்டியிருந்தார்கள். ஒரு கடிகார முகம் மட்டும் தெரிந்தது. அதைப் போட்டோ பிடித்துக்கொண்டு ஊர் திரும்பினோம்.

"இந்தத் தடவை எங்கப்பா போகலாம்?" என்று மகள் கேட்டாள். "நீ லீவு எதுவும் போடாதம்மா. நான் பாட்டுக்கு பீட் போய்ட்டு வர்றேன்" என்றேன். கும்பகோணத்தில் 36 வருஷம் போஸ்ட்மேன் வேலை பார்த்தவன் நான். பீட் என்றால் போஸ்ட்மேன் தினமும் கடிதம் கொடுத்துச் சுற்றும் தெருக்கள். ஓர் ஊரைத் தெரிந்துகொள்ள எனக்குத் தெரிந்த வழி, அதை வாசல் வாசலாக நடப்பதுதான்.

இந்த ஈ12 எப்படி வந்தது என்று மாப்பிள்ளையிடம் விளக்கினேன். அவருக்குப் பன்னிரண்டு வருஷமாக இதே விலாசம், இது தெரியாது. 1857இல் அஞ்சல் துறையைச் சீர்திருத்திய ரோலண்ட் ஹில் லண்டனைத் திசைவாரியாகப் பத்து அஞ்சல் வட்டமாகப் பிரித்தார். கிழக்குக்கு ஈ, வடக்குக்கு என், இப்படி. எண்கள் வந்தது 1917இல். கடிதங்களைப் பிரித்து அடுக்கப் பழகிய சார்ட்டிங் ஆட்கள் போருக்குப் போய்விட்டார்கள். புதிதாக வந்தவர்களுக்கு எந்தத் தெரு எந்தப் பக்கம் என்று தெரியவில்லை. அதனால் ஒவ்வொரு திசையிலும் தலைமை அலுவலகம் இருந்த இடத்துக்கு 1 கொடுத்து, மற்றப் பேட்டைகளை அகரவரிசையில் அடுக்கி எண் போட்டார்கள். பெத்னல் கிரீன் 2, போ 3, சிங்ஃபோர்ட் 4. சிங்ஃபோர்ட் ஊரின் விளிம்பில், காட்டை ஒட்டி இருக்கிறது, ஆனாலும் 4. ஈஸ்ட் ஹாம் 6. அதை ஒட்டிய மேனர் பார்க் 12. எண்ணை வைத்துத் தூரத்தைக் கணக்குப் போடவே முடியாது.

நம் பின்கோடு 1972 ஆகஸ்ட் 15இல் வந்தது. அதன் முதல் எண்ணே எந்தப் பக்கத்து ஊர் என்று சொல்லிவிடும். 6 என்றால் தமிழ்நாடோ கேரளமோ. 612001 என்றால் எங்கள் ஆபீஸ். அதைப் போட்டவர்கள் நன்றாக யோசித்துத்தான் போட்டிருக்கிறார்கள்.

செப்டம்பர் 18, வியாழன்

காலையிலிருந்து தூறல். வெளியே போகவில்லை.

ஈ12 எனக்கு மகள் கல்யாணத்துக்கு வெகுகாலம் முன்பே பழக்கம். மடத்துத் தெருவில் ஒரு பாட்டி இருந்தார். அவர் மகன் லண்டனிலிருந்து நீல ஏரோகிராமில் எழுதுவான். பின்பக்கம் அனுப்புநர் விலாசம்: வீட்டு எண், தெரு, மேனர் பார்க், லண்டன் ஈ12. பாட்டிக்கு எழுத்து தெரியாது. நான்தான் திண்ணையில் உட்கார்ந்து, மடிப்பு கிழியாமல் ஓரத்தைப் பிரித்து வாசித்துக் காட்டுவேன். 1991க்குப் பிறகு கடிதம் வரவில்லை. பாட்டி ஐந்து வருஷம் கேட்டுக்கொண்டே இருந்தார். "தம்பி, நமக்கு ஏதாவது?" "இன்னிக்கு இல்ல பாட்டி." தினமும் இதே பேச்சு. அந்த வீட்டைத் தாண்டும்போதெல்லாம் சைக்கிளை மெதுவாக மிதிப்பேன்.

அந்த விலாசம் இன்னும் எனக்கு மனப்பாடம். மகள் வீட்டிலிருந்து இருபது நிமிஷ நடை. 2018இல் போகவில்லை.

செப்டம்பர் 20, சனி

என்4இல் ஆரம்பித்து என்6 வரை நடை. மகளும் பேத்தியும் கூட வந்தார்கள்.

ஃபின்ஸ்பரி பார்க்கிலிருந்து ஹைகேட் நோக்கி ஒரு பழைய ரயில் பாதை போகிறது. 1954இல் பயணிகள் ரயிலை நிறுத்தினார்கள். சரக்கு வண்டி பத்து வருஷம் ஓடியது. பிறகு தண்டவாளத்தைப் பெயர்த்துவிட்டு, 1984இல் நடைபாதையாகத் திறந்தார்கள். பார்க்லாண்ட் வாக் என்று பெயர். இருபுறமும் மரங்கள் கூடாரம் போட்டிருக்கின்றன. மேட்டின் மேல் நடக்கும்போது வீடுகளின் கொல்லைப்புறம் தெரிகிறது: துணிக்கொடி, தக்காளிச் செடி, உடைந்த நாற்காலி. லண்டன் வீடுகளின் முன்பக்கம் எல்லாம் ஒரே அச்சு. குடியிருப்பவர் எப்படிப்பட்டவர் என்பதைக் கொல்லைதான் சொல்கிறது.

கிரவுச் எண்ட் ஸ்டேஷனின் இரண்டு பிளாட்பாரமும் அப்படியே நிற்கின்றன. பேத்தி ஒன்றில் ஏறி நின்று, "தாத்தா, ரயில் வருது" என்று கையாட்டினாள். நான் நடுவில், தண்டவாளம் இருந்த இடத்தில் நின்றேன். எனக்கு மாயவரம் தரங்கம்பாடி லைன் ஞாபகம் வந்தது. எண்பதுகளில் அதை மூடியபோது பொறையாறு பக்கத்துத் தபால் பை பஸ்ஸுக்கு மாறியது. அந்தப் பாதையை இப்படி நடக்கவாவது விட்டிருந்தால், கடல் வரைக்கும் மர நிழலில் போயிருக்கலாம். நிஜமாகவே வருத்தமாக இருந்தது.

பக்கத்திலேயே செங்கல் வளைவுக்குள்ளிருந்து ஓர் உருவம் பாதி உடம்போடு எட்டிப் பார்க்கிறது. ஸ்ப்ரிகன் என்னும் காட்டு ஆவியாம். மர்லின் காலின்ஸ் என்ற சிற்பி செய்தது. பேத்தி என் வேட்டி, அதாவது இங்கே பேண்ட், அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். "சாமிதாம்மா, காவலுக்கு இருக்கு" என்றேன். ஒரு கும்பிடு போட்டுவிட்டுத் தாண்டினாள்.

பாதை முடியும் இடத்தில் பழைய சுரங்கத்தை அடைத்து வௌவால்களுக்கு விட்டிருக்கிறார்கள். மேலே ஏறினால் ஆர்ச்வே ரோடு. கொஞ்ச தூரத்தில் ஹைகேட் முருகன் கோயில். 2002இல் எலிசபெத் ராணியே வந்த கோயில். உள்ளே போனதும் திருநீறும் நெய்யும் கலந்த வாசனை. எனக்கு விபூதி கொடுத்த யாழ்ப்பாணத்து அம்மா, "ஐயா எங்கேயிருந்து வாறியள்?" என்றார். கும்பகோணம் என்றதும், "சுவாமிமலை பக்கமே?" என்று முகம் மலர்ந்தார். அந்த ஒரு கேள்வியில் வழி நடந்த களைப்பு போய்விட்டது.

செப்டம்பர் 23, செவ்வாய்

இன்று பார்த்ததை எழுத நேரம் எடுத்துக்கொள்ளப் போகிறேன்.

ஈசி1, அதாவது கிழக்கு மத்திய வட்டம். செயின்ட் பால்ஸ் தேவாலயத்திலிருந்து ஐந்து நிமிஷம். அங்கே கூட்டம் நெருக்குகிறது. இங்கே ஏழெட்டுப் பேர் பெஞ்சில் உட்கார்ந்து சாண்ட்விச் சாப்பிடுகிறார்கள். இடத்தின் பெயர் போஸ்ட்மேன்ஸ் பார்க். 1880இல் திறந்த தோட்டம். பக்கத்தில்தான் லண்டன் தலைமை அஞ்சலகம் இருந்தது. அங்கே வேலை பார்த்தவர்கள் மத்தியானச் சாப்பாட்டுக்கு இங்கே வந்து உட்கார, அவர்கள் பெயரே நிலைத்துவிட்டது. போஸ்ட்மேன் பெயரில் ஒரு தோட்டம்! எங்கள் ஆபீஸில் சைக்கிள் நிறுத்தும் கொட்டகையில் நின்றபடி தயிர்சாதம் சாப்பிட்ட நாட்கள் எனக்குக் கண்முன் வந்தன. கையோடு கொண்டுபோயிருந்த இட்லியை அங்கேதான் சாப்பிட்டேன்.

தோட்டத்தில் ஓர் ஓரமாக மரத்தூண் வைத்த நீளமான தாழ்வாரம். அதன் சுவரில் ஓடுகள் பதித்திருக்கிறார்கள். ஜி. எஃப். வாட்ஸ் என்ற ஓவியர், பிறரைக் காப்பாற்றப் போய் உயிர்விட்ட சாதாரண மக்களுக்கு ஒரு நினைவிடம் வேண்டும் என்று 1887இல் கேட்டார். யாரும் செய்யவில்லை. கடைசியில் அவரே முயன்று 1900இல் திறந்தார். இன்று 54 பலகைகள் இருக்கின்றன.

ஒவ்வொன்றையும் வாசித்தேன். இரண்டு மணி நேரம் ஆயிற்று. ஆலிஸ் அயர்ஸ், கொத்தனாருக்குச் சிற்றாள் வேலை பார்த்தவரின் மகள். 1885இல் யூனியன் தெருவில் வீடு பற்றி எரிந்தபோது, ஜன்னல் வழியாக மெத்தையைக் கீழே போட்டு, மூன்று குழந்தைகளை ஒவ்வொன்றாக அதில் இறக்கிவிட்டாள். கடைசியில் தான் குதித்தபோது பிழைக்கவில்லை. ஹாரி சிஸ்லி, கில்பர்ன், வயது 10. நீரிலிருந்து தன்னை அப்போதுதான் காப்பாற்றியிருந்தார்கள். தம்பிக்காகத் திரும்பவும் இறங்கி மூழ்கிப்போனான். சாலமன் கேலமன், வயது 11. 1901இல் கமர்ஷியல் தெருவில் வண்டி ஏற இருந்த தம்பியை இழுத்துவிட்டு அடிபட்டவன். அவன் சொன்னதையும் எழுதியிருக்கிறார்கள். அம்மா, அவனைக் காப்பாத்திட்டேன், என்னைக் காப்பாத்திக்க முடியல.

அங்கே எனக்குக் கண் மறைத்துவிட்டது. பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன்.

கைக்கெட்டும் உயரத்தில் இருந்த ஓட்டைத் தொட்டுப் பார்த்தேன். குளிர்ந்து, வழவழப்பாக, ஓரத்தில் பூச்சு நுண்ணிய கோடு கோடாக வெடித்திருந்தது. நீல எழுத்துகள் கொஞ்சமும் மங்கவில்லை. பெயர், தொழில், தெரு, தேதி. பெரிய மனிதர்களின் சிலைக்கு அடியில் தெருப் பெயர் போடுவதில்லை. போடத் தேவையும் இல்லை. இந்தப் பிள்ளைகளுக்கு அதுதான் எல்லாம். யூனியன் தெரு ஆலிஸ், கமர்ஷியல் தெரு சாலமன் என்று இன்றைக்கும் ஒருவன் தேடிக்கொண்டு போகலாம். விலாசம் எழுதி வைத்தது எவ்வளவு பெரிய மரியாதை என்று அங்கே உட்கார்ந்துதான் உணர்ந்தேன்.

ஒரே ஒரு பலகை மட்டும் நம் காலத்தது. 2007இல் கால்வாயில் விழுந்த சிறுவனைக் காப்பாற்றி இறந்துபோன 30 வயது இளைஞருடையது. பக்கத்தில் காலி இடம் நிறைய இருக்கிறது.

செப்டம்பர் 25, வியாழன்

வாப்பிங்கிலிருந்து ராதர்ஹைத். தேம்ஸுக்கு அடியில் ரயில் ஒரு நிமிஷத்தில் கடந்துவிடுகிறது. அந்தச் சுரங்கத்தை மார்க் புரூனெல் 1825இல் ஆரம்பித்து 1843இல்தான் முடித்தார். கப்பல் போகும் ஆற்றுக்கு அடியில் உலகத்தில் முதன்முதலாகத் தோண்டிய சுரங்கம் அது. குதிரை வண்டிக்காகக் கட்டியது. சரிவுப் பாதை போடப் பணம் இல்லாமல் வெகுநாள் மனிதர்கள் மட்டும் நடந்தார்கள். வாப்பிங் பிளாட்பாரக் கோடியில் நின்றால் குதிரை லாட வடிவில் இரண்டு வாய் தெரிகிறது.

மேலே, பழைய கிடங்குகளுக்கு நடுவே ஒரு சந்து. அது படிக்கட்டாக ஆற்றில் இறங்குகிறது. நான் போனபோது நீர் வற்றியிருந்தது. ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் ஏழு மீட்டர் வரை வித்தியாசம் உண்டு. கடைசிப் படிகளில் பச்சைப் பாசி. கம்பியைப் பிடித்துப் பாதியோடு நின்றுகொண்டேன். கீழே சேற்றில் சுண்ணாம்புத் துண்டுகள் மாதிரி வெள்ளையாகக் கிடந்தவை பழைய களிமண் புகைக்குழாய்கள். அனுமதிச் சீட்டு இல்லாமல் எதையும் எடுக்கக் கூடாது.

அக்கரையில் செயின்ட் மேரி தேவாலயத் தோட்டத்தில் லீ பூ என்ற இளவரசனின் கல்லறை. பசிபிக் தீவான பலாவிலிருந்து கப்பலில் வந்த பையன். 1784இல் வந்தான்; அதே வருஷ டிசம்பரில் அம்மை போட்டு இறந்தான். ஊரில் காத்திருந்தவர்களுக்குச் செய்தி எப்போது போய்ச் சேர்ந்திருக்கும் என்று திரும்பி வரும் வழியெல்லாம் யோசனை.

செப்டம்பர் 28, ஞாயிறு

ஞாயிற்றுக்கிழமை. முழங்காலுக்கு ஓய்வு. வீட்டுக்காரி தைலம் தேய்த்துவிட்டு, "அந்தப் பாட்டி மகன் வீட்டுக்கு எப்பங்க போகப் போறீங்க?" என்று கேட்டாள். நான் அவளிடம் இதுவரை சொல்லவே இல்லை. நோட்டைப் படித்திருக்கிறாள்.

செப்டம்பர் 30, செவ்வாய்

காலை பத்து மணிக்குக் கிளம்பினேன். மேனர் பார்க்கில் ஒரு பகுதி முழுக்கத் தெருக்களுக்குக் கவிஞர்கள் பெயர்: மில்டன், ஷெல்லி, பிரௌனிங். ஒரு பக்கம் ஒற்றைப்படை எண், எதிர்ப்பக்கம் இரட்டைப்படை. பழைய எண், புதிய எண் என்ற தொல்லை கிடையாது. விலாசம் கண்டுபிடிக்க ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை.

எதிர் நடைபாதையில் நின்று பார்த்தேன். கதவு கரும்பச்சை. நடுவில் பித்தளைத் தபால் துவாரம். மூடி தேய்ந்து ஓரம் மட்டும் பளபளத்தது. வாசலில் ஒரு குழந்தையின் மூன்று சக்கர சைக்கிள். ஜன்னலில் நான் அறியாத வேறு யாருடைய திரையோ. மணியடிக்க மனம் வரவில்லை. அடித்து என்ன கேட்பது?

அப்போது தெரு முனையிலிருந்து தபால்காரர் தள்ளுவண்டியோடு வந்தார். ஐம்பது வயது இருக்கும். இந்தக் குளிரிலும் அரைக்கால் சட்டை. நான் நிற்பதைப் பார்த்து ஏதாவது வேண்டுமா என்றார். எனக்குத் தெரிந்த இங்கிலீஷில், நானும் போஸ்ட்மேன், இந்தியா, 36 வருஷம் என்றேன். வண்டியை நிறுத்திக் கை கொடுத்தார். எத்தனை வீடு என்று கேட்டார். அறுநூறு என்றேன். சைக்கிளா? சைக்கிள்தான். கடிதக் கட்டை எடுத்துக் காட்டினார். சிவப்பு ரப்பர் பேண்ட் போட்டு வரிசைப்படி அடுக்கியிருந்தார். நாங்கள் சணல் கட்டுவோம் என்று விரலால் முடிச்சுப் போட்டுக் காட்டினேன். சிரித்தார்.

பிறகு அந்தப் பச்சைக் கதவுக்குப் போனார். இரண்டு கடிதம். இடது கையால் மூடியைத் தூக்கி, வலது கையால் உள்ளே தள்ளி, சத்தம் வராமல் மூடியைக் கைத்தாங்கலாக இறக்கினார். நல்ல வேலைக்காரர்.

வீட்டுக்கு வந்ததும், "பாத்தீங்களா?" என்றாள் வீட்டுக்காரி.

"பாத்தேன்."

"யாரு இருக்கா?"

"தெரியல. ஆனா தபால் வருது."

நாளைக்கு ஈ7 பக்கம் போகலாம் என்றிருக்கிறேன். தானும் வருவதாகச் சொல்லியிருக்கிறாள்.