அறுபதாம் கல்யாணப் படங்களை ஜேபெக் ஆக்கிய அனுபவம்

திருக்கடையூரில் அப்பா அம்மாவுக்கு அறுபதாம் கல்யாணம் முடிந்து இரண்டு வாரமாகியும் ஒரு படம்கூட யார் கைக்கும் போய்ச் சேரவில்லை. படம் எடுத்தவர் அத்தை மகன். அன்று இரவே சென்னைக்குக் கிளம்ப வேண்டியிருந்ததால் 310 படங்களையும் என் பென்டிரைவில் போட்டுக் கொடுத்துவிட்டுப் போனார். மயிலாடுதுறையில் ஆல்பம் போடும் கடைக்கு எடுத்துப்போனால், "எல்லாம் ரா ஃபைலா இருக்கு தம்பி, ஜேபெக்கா மாத்திக் கொண்டாங்க" என்றார்கள். பார்த்தால் எல்லாப் பெயரும் ஏ.ஆர்.டபிள்யூ என்று முடிந்தது. சோனி கேமராவின் ரா வடிவம் அது; கேமரா பதிந்ததைப் பெரிதாக மாற்றாமல் அப்படியே வைத்திருக்கும் கோப்பு.

இணையத்தில் மாற்றித்தரும் ஒரு தளத்தைப் பிடித்தேன். ஒரு படம் சுமார் 24 எம்.பி. மொத்தம் ஏழு ஜி.பி.க்கு மேல். வீட்டில் இருப்பது போன் ஹாட்ஸ்பாட் மட்டும்தான். பத்துப் படம் ஏற்றுவதற்குள் ஒரு மணி நேரம் ஓடிவிட்டது. இறங்கி வந்தவை போனில் பளிச்சென்று இருந்தன. கடைக்கு அனுப்பப் போன நேரத்தில் ஏதோ தோன்றி அளவைப் பார்த்தேன்: 1616க்கு 1080 புள்ளி. அந்தக் கேமரா எடுப்பதோ 6000க்கு 4000.

விஷயம் இதுதான். ரா கோப்புக்குள்ளேயே, கேமராவின் திரையில் காட்டுவதற்காக ஒரு சின்ன ஜேபெக் ஒளிந்திருக்கும். அந்தத் தளம் ராவைத் தொடவே இல்லை, உள்ளே இருந்த சின்னப் படத்தை உருவிக் கொடுத்திருக்கிறது. 12க்கு 18 அங்குல ஆல்பத்தில் 18 அங்குலத்துக்கு 1616 புள்ளி என்றால் அங்குலத்துக்கு 90தான் வரும். அச்சுக்கு 300 இருந்தால் நல்லது. முகமெல்லாம் மொழுக்கென்று போயிருக்கும். எந்தத் தளத்தில் மாற்றினாலும் முதல் படத்தின் அளவைப் பார்த்துவிட்டு மற்றதை ஏற்றுங்கள்.

இன்னொன்றும் மனதை உறுத்தியது. கலச நீர் ஊற்றும்போது அம்மா நனைந்த புடவையோடு உட்கார்ந்திருக்கும் படங்கள் அவை. எங்கோ இருக்கும் ஒரு கணினிக்கு அவற்றை ஏற்றியிருக்கக் கூடாது. அதன்பிறகு தேடிக் கண்டுபிடித்ததுதான் ஃபோட்டோபீ என்ற படம் திருத்தும் தளம். பிரவுசரில் திறந்தாலும் படம் நம் கணினியை விட்டு வெளியே போகாது. இரண்டு மூன்று படத்துக்கு அதுவே போதும். 310 படத்துக்கு ஒவ்வொன்றாகத் திறந்து மாளாது.

கடைசியில் ரா தெரபி என்ற இலவச மென்பொருளை இறக்கிப் போட்டேன். மண்டபத்து மஞ்சள் பல்பு வெளிச்சத்தில் எல்லோரும் மஞ்சள் பூசியது போல இருந்தார்கள். ஒரு படத்தில், வெள்ளையை வெள்ளையாகவே காட்டும் வெள்ளைச் சமநிலைக் கருவியை எடுத்து, அப்பாவின் வேட்டியில் மஞ்சள் நீர் படாத ஓரமாகப் பார்த்துச் சொடுக்கினேன். தோல் நிறம் திரும்பி வந்தது. அந்தத் திருத்தத்தை மட்டும் நகலெடுத்து, அதே மண்டபத்துப் படங்கள் எல்லாவற்றிலும் ஒட்டினேன். வெளியே கோபுரத்தடியில் பகலில் எடுத்தவற்றுக்குத் தனியாக இன்னொன்று. பிறகு தரம் 95, நிறவெளி எஸ்.ஆர்.ஜி.பி (பெரும்பாலான திரைகளுக்குப் பொதுவான நிற வரம்பு) என்று வைத்து எல்லாவற்றையும் வரிசையில் போட்டுவிட்டுப் படுத்துவிட்டேன். காலையில் 310 ஜேபெக்கும் தயாராக இருந்தன.

திருத்தத்தை ஜேபெக் ஆக்குவதற்கு முன்பே செய்துவிடுவது நல்லது. ஜேபெக்கில் ஒரு நிறத்துக்கு 256 படிகள்தான். 12 பிட் ராவில் 4096, 14 பிட்டில் 16384. அந்த வித்தியாசம் இருட்டில்தான் தெரியும். மாலை மாற்றும் படத்தில் தூணுக்குப் பின்னால் வெறும் கறுப்பாக இருந்த இடத்தில் மட்டும் கொஞ்சம் வெளிச்சத்தைக் கூட்டிப் பார்த்தேன். அப்பாயி நின்றிருந்தது. கூட்டத்தில் முன்னால் வர முடியாமல், தூணைப் பிடித்தபடி எட்டிப் பார்த்துக்கொண்டு.

ரா கோப்புகளை அழிக்காமல் இரண்டு இடத்தில் வைத்திருக்கிறேன். ஆல்பம் வந்ததும் அம்மா எல்லாப் பக்கத்தையும் புரட்டிவிட்டு, அந்தத் தூண் படத்தை மட்டும் தனியாகச் சட்டம் போட்டுத் தரச் சொன்னாள்.