எந்த கர்னல்?

போன வருடம் என் மகள் ஆறாம் வகுப்பு. ஸ்பெல் பீ என்று சொல்கிறார்களே, அந்த ஆங்கில எழுத்துக்கூட்டல் போட்டிக்குப் பெயர் கொடுத்தாள். முதலில் பள்ளி அளவு, அடுத்து மண்டலம், மாநிலம், கடைசியில் தேசியம். பள்ளியில் நடந்த எழுத்துத் தேர்வில் நன்றாகத்தான் வந்தாள். மேடையில் முதல் சொல்லிலேயே போய்விட்டது.

சொல், கர்னல். இவள் ராணுவ அதிகாரியை நினைத்து "சி, ஓ, எல்" என்று தொடங்கினாள். அவர்கள் கேட்டது கே-யில் தொடங்கும் கர்னல், கொட்டைக்குள் இருக்கும் பருப்பு. காவேரிப்பட்டணத்துப் பிள்ளை அவள். மாங்கூழ் கம்பெனிப் பக்கம் சீசனில் கொட்டை குவிந்து கிடப்பதைப் பார்த்து வளர்ந்தவள். அந்தச் சொல் அவளுக்குத் தெரியும். ஒரே ஒலியில் இரண்டு சொற்கள் இருந்தால் வாசிப்பவரே பொருளையும் சொல்ல வேண்டும். அன்று சொல்லவில்லை. அந்த ஆதங்கம் எனக்கு இன்னும் இருக்கிறது.

"பொருள் என்னன்னு கேட்டிருக்கலாமே பாப்பா?" என்றேன்.

"கேட்டா திட்டுவாங்கன்னு நெனச்சேன்மா."

அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. பெரியவர்கள் பேசும்போது குறுக்கே கேள்வி கேட்காதே என்று சொல்லி வளர்த்தது நான்தானே.

அமெரிக்காவில் ஸ்கிரிப்ஸ் என்ற தேசிய ஸ்பெல் பீ போட்டி 1925-இலிருந்து நடக்கிறது. 2019-இல் எட்டுப் பேர் சேர்ந்து வென்றார்கள், அதில் ஏழு பேர் இந்திய வம்சாவளிப் பிள்ளைகள். அந்த வீடியோக்களைப் போட்டுக் காட்டினேன். அவள் கவனித்தது ஒன்றுதான்: அந்தப் பிள்ளைகள் எவ்வளவு கேட்கிறார்கள்! திரும்பச் சொல்லுங்கள், பொருள் என்ன, எந்த மொழியிலிருந்து வந்தது, பெயர்ச்சொல்லா வினைச்சொல்லா, ஒரு வாக்கியத்தில் வைத்துச் சொல்லுங்கள். யாரும் திட்டவில்லை.

நான் பன்னிரண்டாவது வரை தமிழ் வழியில் படித்தவள், வீட்டிலேயே தையல் வேலை. சாயங்காலம் மிஷினில் உட்கார்ந்தபடி செல்போன் அகராதியில் சொல்லை ஒலிக்க வைப்பேன். இவள் எதிரே நின்று உள்ளங்கையில் விரலால் எழுதிப் பார்த்துவிட்டுச் சொல்வாள். ஒரு கேள்வியாவது கேட்காமல் எழுத்தை ஆரம்பிக்கக் கூடாது என்பது எங்கள் வீட்டுச் சட்டம். முதல் வாரம் கேட்கவே கூச்சப்பட்டாள். அம்மாவிடமே!

எந்த மொழி என்று கேட்பதில்தான் பாதி விடை இருக்கிறது. கிரேக்கச் சொல் என்றால் 'ஃப' ஒலிக்கு பி, ஹெச் வர வாய்ப்பு அதிகம். பிரெஞ்சு என்றால் 'ஷ' ஒலிக்கு சி, ஹெச். ஒருநாள் 'மல்லிகட்டானி' என்று ஒன்று வந்தது. சூப் வகையாம். எந்த மொழி என்று பார்த்தால், தமிழ்! நம் மிளகுத் தண்ணீர். கட்டுமரம் கேட்டமரான் ஆகியிருக்கிறது, சுருட்டு ஷெரூட் ஆகியிருக்கிறது. அன்று மிஷினை நிறுத்திவிட்டு அவளோடு உட்கார்ந்து ஒரு மணி நேரம் தேடினேன். இங்கிலீஷ் என்றால் ஒதுங்கிப் போகிறவள் நான். அன்றைக்கு அப்படித் தோன்றவில்லை.

கஷ்டம் வேறு இடத்தில். செப்பரேட் மாதிரிச் சொல்லில் நடுவே வருவது ஏ-யா, இ-யா என்று காது சொல்லாது. எழுதி எழுதித்தான் மனதில் ஏற்ற வேண்டும். அப்புறம், மைக்கில் எம், என் இரண்டு எழுத்தும் ஒன்று போலக் கேட்கும், பி, டி கூட அப்படித்தான். நிறுத்தி நிறுத்திச் சொல்லப் பழக்கினேன். பிரிட்டிஷ் எழுத்துமுறையா, அமெரிக்க முறையா, எந்த அகராதி என்பதையும் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

இந்த வருடம் பள்ளிச் சுற்றைத் தாண்டி, மண்டலப் போட்டிக்குச் சேலம் போனோம். இரண்டாவது சுற்றில் 'ஸ்டேஷனரி'. போன வருடத்து கர்னல் மாதிரியே இதிலும் இரண்டு உண்டு. எனக்குக் கை சில்லிட்டுவிட்டது. இவள் மைக்கைத் தன் உயரத்துக்கு இறக்கிக்கொண்டு, "பொருள் சொல்ல முடியுங்களா மேடம்?" என்று ஆங்கிலத்தில் கேட்டாள். நகராமல் நிற்பது என்றார்கள். எழுதுபொருளுக்கு வரும் இ-யை விட்டு, கடைசிப் பகுதியில் ஏ போட்டு முடித்தாள்.

ஆறாவது சுற்றில் 'ஷோஃபர்'. பொருள் கேட்டாள், கார் ஓட்டுநர். மொழி கேட்டாள், பிரெஞ்சு. "சி, ஹெச், ஏ, யு, எஃப், இ..." என்றவள் அப்படியே நின்றுவிட்டாள். இன்னொரு எஃப் இருப்பது அந்த நொடியில் தெரிந்துவிட்டது. சொன்ன எழுத்தை மாற்ற முடியாது. மெதுவாக முடித்தாள். மணி அடித்தது.

திரும்பி வரும்போது தொப்பூர் தாண்டும் வரை பேசவில்லை. அப்புறம் என் செல்போனை வாங்கி அகராதியில் தேடினாள். அந்தச் சொல்லுக்கு முதலில் நெருப்பு மூட்டிச் சூடேற்றுகிறவர் என்று பொருளாம். உடனே அப்பாவுக்குப் போன் போட்டாள். அவர் தக்காளி லோடோடு பெங்களூரு போகிற வழியில், சூளகிரியில் டீக்கடை ஓரம் நிறுத்தியிருந்தார்.

"அப்பா, உங்க வேலைக்குத்தான் ரெண்டு எஃப்."